சங்கிலியை அவிழ்த்தீர்களா?

திருவெண்ணெய்நல்லூர், ஒரு பழைய வழக்கு நடந்த ஊர்.

புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் ஒரு கிழவர் வந்து சேர்ந்தார். "இந்தப் பிள்ளை எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்று தகராறு செய்தார். கல்யாணம் நின்றது. வழக்கு வெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வந்தது. ஓலை செல்லும் என்று தீர்ப்பு ஆயிற்று. கிழவர் அருட்டுறைக் கோவிலுக்குள் நுழைந்து மறைந்தார். வந்தவர் சிவபெருமான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் கதையில் ஒரு நியாயம் இருக்கிறது. 'இவன் என்னுடையவன்' என்று சொன்னவர், சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தேடி வந்தார். வாதாடினார். கையோடு அழைத்துக்கொண்டு போனார். 'என்னுடையது' என்று சொன்னால், சொன்னவனுக்கும் அதில் கடமை உண்டு.

அதே திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ வீடுகளில் ஒரு ஜீவன் இருக்கிறது. திண்ணைக்குக் கீழே படுத்திருக்கும். மீந்த சோற்றைத் தின்னும். கரும்புத் தோட்டத்துக்கும் நெற்களத்துக்கும் காவல் போகும். பெயர் மணியாக இருக்கலாம், கருப்பனாக இருக்கலாம், டைகராகவும் இருக்கலாம். அதற்கு ஓலை கிடையாது. கழுத்தில் உள்ள கயிறோ, சங்கிலியோதான் பத்திரம்.

ஆற்றில் வெள்ளம் வருகிறபோது அந்தப் பத்திரம் செல்லுமா, செல்லாதா? இதுதான் கேள்வி.

மலட்டாறு பெருகியது

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. திண்டிவனம், விழுப்புரம் பக்கமெல்லாம் ஏரிகளும் ஓடைகளும் நிரம்பி வழிந்தன.

அது முதல் அடி. இரண்டாவது அடி ஆற்றின் வழியாக வந்தது.

டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமான தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் மலட்டாறு என்று ஓர் ஆறு உண்டு. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பெயருக்கு ஏற்றபடி வறண்டு கிடக்கும். அந்த மலட்டாறு அன்று பெருகியது. அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போயிற்று. லாரிகளும் பஸ்களும் நின்றுவிட்டன. இருவேல்பட்டு போன்ற ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

அப்படி ஒரு நேரத்தில் ஒரு வீட்டில் என்ன நடக்கும்? யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

தூக்கத்திலிருந்து எழுந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். மின்சாரம் இல்லை. கிழவியைத் தூக்க வேண்டும். கைக்குழந்தையைப் போர்த்த வேண்டும். ரேஷன் கார்டு எங்கே, பிள்ளையின் சர்டிபிகேட் எங்கே என்று இருட்டில் தேட வேண்டும். மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட வேண்டும். எல்லாம் முடிந்து, பள்ளிக்கூடத்து வராந்தாவில் தலையைத் துவட்டும்போதுதான் வீட்டின் கடைசிப் பையன் கேட்பான்:

"அப்பா, மணி எங்கே?"

யாரும் பதில் சொல்லமாட்டார்கள். ஏனென்றால் மணியைக் கட்டி வைத்த சங்கிலியை யாருமே அவிழ்க்கவில்லை.

நாய்க்கு நீச்சல் தெரியும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியது இல்லை. ஆனால், தூணோடு கட்டிய நாய்க்கு நீச்சல் தெரிந்து என்ன பிரயோசனம்? சங்கிலி எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான் அதன் ஆயுள்.

அப்படி ஓடி வந்த குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தர்மம் அல்ல. நடு இரவில், இடுப்பளவுத் தண்ணீரில், பெற்ற பிள்ளையைக் கரை சேர்த்தவன் பாக்கியசாலி. தவறு அந்த இரவில் இல்லை. அதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்தபோது, நாயை ஒருவரும் நினைக்கவில்லை. வீட்டில் உள்ளவர்களும் நினைக்கவில்லை, சர்க்காரும் நினைக்கவில்லை.

பட்டியலில் இடம் இல்லை

வெள்ளம் வடிந்ததும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய். பசுவோ எருதோ இறந்திருந்தால் 37,500 ரூபாய். வெள்ளாடு, செம்மறி ஆடு என்றால் 4,000 ரூபாய்.

நாய்க்கு? பட்டியலில் நாயே கிடையாது.

இதில் ஒரு காரணம் இல்லாமல் இல்லை. பசு பால் கறக்கும். எருது ஏர் உழும். ஆடு சந்தைக்குப் போகும். அவை போனால் பிழைப்பு போயிற்று. பிழைப்புக்குத்தான் நிவாரணம். நாய் செத்தால் பிழைப்பு கெட்டுவிடவில்லையே என்று சர்க்கார் கணக்கர் கேட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

நாயை வளர்த்தவர்கள்கூடப் பணம் கேட்கமாட்டார்கள். மணியின் விலை எவ்வளவு என்று கேட்டால் எந்தப் பையனும் தொகை சொல்லமாட்டான். நாய்க்கு ரூபாய் வேண்டாம், இடம் வேண்டும். முகாமில் ஓர் ஓரம் வேண்டும். படகில் ஒரு மூலை வேண்டும். கிராமத்தின் வெள்ளத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும்.

'நாய்க்கு இவ்வளவு மரியாதையா?' என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் அதே தென்பெண்ணையில் கொஞ்சம் மேற்கே போய்ப் பார்க்க வேண்டும்.

கல்லில் எழுதிய பெயர்

சாத்தனூர் அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டாரத்தில். அதே வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு நடுகல் கண்டுபிடிக்கப்பட்டது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டில் நட்ட கல். வயது ஏறக்குறைய 1,400 ஆண்டு.

கருந்தேவக்கத்தி என்ற வீரன், எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர் விட்டான். அவனுக்காக நட்ட கல் அது. அதில் வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து, எஜமானன் பக்கத்திலேயே காத்து நின்ற செய்தி கல்வெட்டாக நிற்கிறது.

அந்தக் காலத்து ஊரார் நினைத்திருந்தால், வீரன் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. உளி பிடித்தவன், கல்லில் ஓர் இடத்தை நாய்க்கு ஒதுக்கினான். பெருமை பெற்ற மனிதர்கள் பலருடைய பெயர் மறைந்து போயிற்று; கோவிவன் பெயர் நிலைத்துவிட்டது.

மகாபாரதம் தெரிந்தவர்களுக்கு இது புதிது அல்ல. சொர்க்கத்தின் வாசலில் தர்மபுத்திரன் நின்றான். கூட வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். 'நம்பி வந்ததைக் கைவிட்டு எனக்கு ஒரு சொர்க்கம் தேவை இல்லை' என்று மறுத்துவிட்டான் அவன். கதாகாலட்சேபத்தில் அந்த இடம் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. வெள்ள முகாமின் வாசலும் அப்படிப்பட்ட ஒரு வாசல்தான்.

காரை நிறுத்திய விமானி

தமிழ்நாட்டில் பிராணிகளைக் காக்கும் ஒரு சங்கத்துக்கே ஒரு மழை வெள்ளம்தான் பிள்ளையார் சுழி போட்டது.

1959-ம் ஆண்டு சென்னையில் பெருமழை. தெருக்களில் வெள்ளம். விமானி கேப்டன் வி. சுந்தரம் காரில் போய்க்கொண்டிருந்தார். இரண்டு நாய்க்குட்டிகள் தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்த்தார். காரை நிறுத்தினார். இரண்டையும் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய மனைவி உஷாவும் ஒரு விமானி. குடும்பமே குட்டிகளைக் கவனித்துக்கொண்டது. அந்த இரண்டு குட்டிகளில் ஆரம்பித்து வளர்ந்ததுதான் 'புளூ கிராஸ்' சங்கம்.

அதே காலத்தில், கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் பிராணிகளுக்காக வாதாடினார். அவர் கொண்டுவந்த தனி மசோதாவின் பலனாக, 1960-ம் ஆண்டில் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பட்டினியாலோ தாகத்தாலோ தவிக்கும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிட்டுப் போவது அந்தச் சட்டப்படி குற்றம். நீண்ட நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் குற்றம். அபராதம் எவ்வளவு என்கிறீர்களா? முதல் குற்றத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் என்று அன்று எழுதினார்கள்!

சட்டம் வந்து அறுபது வருஷம் தாண்டிவிட்டது. வெள்ளம் வரும்போது சங்கிலியை அவிழ்க்க எந்தச் சட்டத்துக்கும் கை முளைக்கவில்லை. அது மனிதன் கையால்தான் நடக்க வேண்டும்.

அமெரிக்கா கற்ற பாடம்

'நாய்க்கு இடம் கொடுத்தால் மனிதனுக்கு இடம் போய்விடுமே' என்று சிலர் சொல்லலாம். உண்மை நேர்மாறானது. நாய்க்கு இடம் இல்லாததால் மனிதர்களே கெட்ட கதை ஒன்று உண்டு.

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காத்ரினா புயல் தாக்கியது. நகரம் மூழ்கியது. மீட்க வந்த பஸ்களிலும் முகாம்களிலும் நாய், பூனைகளுக்கு அனுமதி இல்லை. 'நாயை விட்டுவிட்டு வரமாட்டோம்' என்று பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஆபத்தில் சிக்கினார்கள். அவர்களை மீட்கப் போனவர்களுக்கும் ஆபத்து. பணக்கார நாடு அப்போதுதான் விழித்துக்கொண்டது. 2006-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பேரிடரில் மக்களை வெளியேற்றத் திட்டம் போடும்போது வீட்டுப் பிராணிகளுக்கும் சேர்த்தே திட்டம் போட வேண்டும் என்பது சட்டத்தின் சாரம்.

நம் கிராமத்துப் பாட்டியும் அமெரிக்கக் கிழவியும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. 'என் ஆட்டையும் நாயையும் விட்டு எங்கேயும் வரமாட்டேன்' என்று பிடிவாதம் பிடிக்கும் பாட்டி எந்த ஊரில்தான் இல்லை? நாயைப் படகில் ஏற்றினால் பாட்டி தானாக ஏறிவிடுவாள். மனிதனைக் காப்பாற்ற அதுவே சுலபமான வழி.

பயத்துக்கும் மருந்து உண்டு

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது. அதை லேசாகத் தள்ள முடியாது.

"முகாமில் நூறு குழந்தைகள் இருப்பார்கள். நாய் கடித்துவிட்டால் யார் பொறுப்பு?"

நியாயமான கேள்வி. 2024-ம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோய் கண்டு 43 பேர் இறந்தார்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு உயிர் பிழைப்பது அநேகமாக இல்லை. 2025-ம் ஆண்டில் டில்லித் தெரு நாய்களைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய், நாடு முழுவதும் விவாதம் நடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் நாயின் நன்றியைப் பற்றிப் பேசுவது அழகல்ல.

ஆனால், இந்தப் பயத்துக்கு மருந்து இருக்கிறது. நாய்க்குப் போடும் தடுப்பூசிதான் மருந்து. ஒரு வட்டாரத்தில் உள்ள நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஊசி போட்டுவிட்டால், வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ஊசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷத்துக்கு ஒரு முறை. ஜூலை 6-ந் தேதி, விலங்குவழி நோய்த் தடுப்பு நாளில், சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே ஊசி போடுவது வழக்கம்.

ஆகவே உரிமை கேட்கிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. முகாமில் நாய்க்கு இடம் கேட்பவர், கையில் ஊசிச் சீட்டோடு கேட்க வேண்டும். ஊசி போட்ட நாய், கழுத்தில் பட்டை, வாயில் ஒரு துணிக் கட்டு, கூட ஒரு பொறுப்பான ஆள் என்று வந்தால், பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையில் இடம் கொடுக்க எந்தத் தலைவரும் மறுக்கமாட்டார்.

செலவு அதிகம் இல்லை

நடக்க வேண்டியது மூன்றே காரியங்கள்.

ஒன்று, வீட்டில். மழைக்காலம் தொடங்கும் முன்பே நாய்க்கு ஊசி போட்டுவிட வேண்டும். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் பையிலேயே ஊசிச் சீட்டையும் வைக்கலாம். வெள்ள எச்சரிக்கை வந்த இரவில் நாயைக் கட்டவே கூடாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாயைக் கூட்டிக்கொண்டு வருவது ஒருவருடைய பொறுப்பு. அந்த வேலையைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனிடமோ பெண்ணிடமோ ஒப்படைத்தால் போதும். பெரியவர்கள் மறந்தாலும் பிள்ளைகள் மறப்பதில்லை. கூட்டி வர வழியே இல்லையா? சங்கிலியை அவிழ்த்துவிட்டு வரலாம். அதற்குப் பத்து வினாடி ஆகும். மற்றதை நாய் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு, முகாமில். ஒரு கூரை, நான்கு முளைக்குச்சி, ஒரு வாளித் தண்ணீர், மீந்த சோறு. இதற்கு டெண்டர் விட வேண்டியது இல்லை.

மூன்று, ஊராட்சியில். கிராமத்தில் வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் நடுவே கோடு போட முடியாது. பத்து வீட்டில் சோறு தின்னும் நாய், பத்து வீட்டுக்கும் சொந்தம். வெள்ளம் வந்தால் பத்து பேரும் மற்ற ஒன்பது பேரைப் பார்ப்பார்கள். ஊரில் எத்தனை நாய் இருக்கிறது, எதற்கு ஊசி போட்டாயிற்று என்று ஊராட்சி ஒரு நோட்டில் எழுதி வைத்தால், வெள்ளத்துக்கும் உதவும், வெறிநோய்க்கும் உதவும்.

வெள்ளத்தில் தவிக்கும் நாயைப் பார்த்துவிட்டால் எடுத்த எடுப்பில் குதித்துவிடக் கூடாது. ஓடும் தண்ணீர், நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை. தீயணைப்புப் படையை அழைக்கலாம். காயம் பட்ட பிராணிக்குக் கால்நடை ஆம்புலன்சு உண்டு; 1962 என்ற எண். பயந்து போன நாய், சோறு போட்டவனையும் கடித்துவிடும். கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் காயத்தைக் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரம் ஒன்றும் உதவாது.

திரும்பி வந்தவன், வராதவன்

தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும், சில வாசல்களில் சேறு பூசிய உருவம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். எலும்பும் தோலுமாக இருக்கும். வாலை மட்டும் ஆட்டும். 'ஏன் விட்டுவிட்டுப் போனாய்?' என்று கேட்கத் தெரியாது. கேட்கத் தெரியாததால்தான் மனிதன் தப்பித்துக்கொள்கிறான்.

சில வாசல்களில் ஒன்றும் நிற்காது. தூணில் சங்கிலி மட்டும் கிடக்கும்.

அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. 'நாய்தானே, வேறு குட்டி வாங்கிக்கொள்ளலாம்' என்பார்கள். பையன் இரண்டு நாள் சாப்பிடமாட்டான். அப்பன் அதட்டுவான். அதட்டிவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் ஆற்றங்கரைப் பக்கம் போய் ஒரு முறை சீட்டி அடித்துப் பார்ப்பான். வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கம் அது. அதைத் தடுக்கப் பத்து வினாடி போதுமாயிருந்தது.

தென்பெண்ணை மறுபடியும் பெருகும். மலட்டாறும் மறுபடியும் கரை புரளும். எந்த வருஷம் என்றுதான் தெரியாது. கார்த்திகை மழை கொட்டும் ஓர் இரவில், தண்டோராவோ ஒலிபெருக்கியோ ஊரை எழுப்பும்போது, கிளம்புகிறவர்கள் விளக்கை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளட்டும். சங்கிலியை அவிழ்த்தீர்களா?